பழைய மாருதி ரிம்முக்குப் பவுடர் கோட்டிங்: வீட்டிலேயே சுடுவதா, பட்டறைக்குக் கொடுப்பதா?

எங்கள் வீட்டு போர்டிகோவில் நான்கு ஸ்டாண்டின் மேல் ஒரு மாருதி 800 நின்றுகொண்டிருந்தது. 1998 மாடல், கார்புரேட்டர் வண்டி. அப்பா ஓட்டியது. அவருக்குக் கண் மங்கிய பிறகு எனக்கு வந்தது. இஞ்சினில் பெரிய குறை இல்லை, அடிப்பக்கம்தான் பாவம். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து ரிம்மிலும் துரு, லோயர் ஆர்மில் (சக்கரத்தை அடியிலிருந்து பிடிக்கும் இரும்புக் கை) பெயிண்ட் இருந்த அடையாளமே இல்லை, பேட்டரி ட்ரேயை ஆசிட் தின்றிருந்தது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். எதைப் பூசுவது, யாரிடம் கொடுப்பது என்று முடிவெடுக்கத்தான் இரண்டு மாதம் ஆயிற்று.

வழிகள் நான்கு தெரிந்தன. பொடி அடிக்க ஒரு சின்ன கன்னும் சுட ஓவனும் வாங்கி வீட்டிலேயே பவுடர் கோட்டிங் செய்வது. கோயம்புத்தூரில் பம்ப்செட்டுக்கும் மோட்டார் பாடிக்கும் கோட்டிங் போட்டுப் பிழைக்கும் ஜாப் ஒர்க் பட்டறை எதிலாவது மொத்தமாகக் கொடுத்துவிடுவது. சுத்தம் செய்து மறைக்க வேண்டிய இடங்களை மறைக்கும் வேலையை நாமே செய்து, பூசிச் சுடுவதை மட்டும் பட்டறைக்கு விடுவது. கடைசியாக, பவுடரையே மறந்துவிட்டு ஹார்டனர் கலந்து பூசும் 2கே பியூ (பாலியூரித்தேன்) பெயிண்டைக் கம்ப்ரஸர் வைத்து அடிப்பது.

முதலில் நான் கன் விலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆசை பிடித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். இப்போது யாராவது கேட்டால் கன்னைக் கடைசியில் பாருங்கள் என்பேன். முதலில் ஓவனின் உள்ளளவு, அடுத்து பூச்சுக்கு அடியில் இருக்கும் இரும்பின் நிலை, அதற்கும் அடுத்து பூச்சு ஒரு நாள் அடிபட்டால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் கன் வேண்டுமா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஓவன் தான் தலைவலி

பவுடர் கோட்டிங்கில் ஈரம் எதுவும் இல்லை. மாவு மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் பொடிக்குக் கன்னின் முனையில் மின்னூட்டம் ஏறுகிறது. எர்த் செய்து தொங்கவிட்ட இரும்பில் அது போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த நிலையில் விரலால் தொட்டால் ரேகை பதியும், ஊதினால் பறக்கும். ஓவனில் ஏற்றினால் உருகி ஓடி, பிறகு உள்ளுக்குள் இறுகி ஒரே தோலாகிவிடும். பெரும்பாலான பவுடர்களுக்கு 180 முதல் 200 டிகிரி செல்சியஸ், 10 நிமிடத்திலிருந்து 20 நிமிடம் வரை. பவுடர் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

அந்த 10 நிமிடத்தைப் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். அது ஓவன் காற்றின் சூடு 200 வந்த நேரத்திலிருந்து எண்ணுவதல்ல, இரும்பே 200-க்கு வந்த பிறகு எண்ணுவது. மெல்லிய தகடு சீக்கிரம் ஏறிவிடும். லோயர் ஆர்ம் மாதிரி கனமானதை வைத்தால், ஓவன் முள் 200 காட்டும்போது இரும்பு 120-இல் நின்றுகொண்டிருக்கும். அப்போது டைமரைத் திருகினால் பார்க்கப் பளபளவென்றுதான் வரும், ஆனால் உள்ளே பாதி வெந்த இட்லி. தின்னரில் நனைத்த துணியால் நன்றாகத் தேய்த்துப் பார்த்தால் வேகாத பூச்சு துணியோடு வந்துவிடும். வெந்த பூச்சில் பளபளப்பு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் வைத்து நீட்டி அளப்பதைவிட, மல்டிமீட்டரோடு வரும் தெர்மோகப்பிள் கம்பியைப் பாகத்தின் கனமான இடத்தில் கட்டிவிடுவது நம்பகமானது. பளபளக்கும் பரப்பில் அகச்சிவப்புக் கருவி தப்பாகக் காட்டும்.

சரி, எந்த ஓவன்? சமையல் ஓடிஜியில் வீட்டுக்குக் கிடைக்கும் பெரியது 60 லிட்டர் அளவு. மாருதி 800-க்கு 12 அங்குல ரிம். 12 என்பது டயர் உட்காரும் இடத்தின் அளவு. விளிம்போடு அளந்தால் 34 சென்டிமீட்டர் வருகிறது. டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், ஓவன் கதவைத் திறந்து மூலைக்கு மூலை அளந்தேன். கடைப் பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எத்தனை இஞ்ச் பீட்சா சார்?" என்றான். பன்னிரண்டு என்றேன். பொய்யில்லை.

படுக்க வைத்தால் ரிம் உள்ளே போகிறது, தொங்கவிட முடியாது. படுக்க வைத்தால் அடிப்பக்கம் எதன்மேலாவது உட்கார வேண்டும், அந்த இடத்தில் தழும்பு விழும். மூன்று போல்ட்டுகளைக் காலாக வைத்து நட் ஓட்டைகளில் தாங்கலாம் என்று ஒரு வழி யோசித்தேன். அதைவிடப் பெரிய சிக்கல், மேலேயும் கீழேயும் இருக்கிற ஹீட்டர் கம்பிக்கும் ரிம்முக்கும் நடுவே சில விரல்கடைதான் இடைவெளி. கம்பிக்கு எதிரே இருக்கும் இடம் கருகும், ஓரம் வேகாமல் நிற்கும். 13, 14 அங்குல ரிம் என்றால் இந்தப் பேச்சே இல்லை, உள்ளேயே போகாது.

பழைய இரும்பு பீரோவுக்குள் கிளாஸ் வூல் அடைத்து, ஹீட்டர் கம்பி போட்டு, கன்ட்ரோலர் வைத்து ஓவன் கட்டியவர்கள் உண்டு. நண்பர் ஒருவர் செய்திருக்கிறார், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அவருடையது 6 கிலோவாட். சாதாரண 16 ஆம்பியர் பிளக் தாங்குவது மூன்றரை கிலோவாட்தான், அதற்குமேல் தனி லைன் இழுக்க வேண்டும். வீட்டு இணைப்பில் சொந்த வண்டிக்குச் செய்வது வேறு, அக்கம்பக்கத்தில் காசு வாங்கிச் செய்ய ஆரம்பித்தால் மின்கட்டண வகையே மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, பவுடர் சுட்ட ஓவனில் மறுபடி சாப்பாடு சமைக்கக் கூடாது. "ஒரு தடவைதானே, கழுவிக்கலாமே" என்று என் மனைவி கேட்டார். கழுவினாலும் கூடாது. இதைச் சொன்ன பிறகுதான் வீட்டில் செலவுக் கணக்கு சூடு பிடித்தது.

கன்னும் பொடியும்

பட்டறையில் இருக்கும் கன் 100 கிலோவோல்ட் வரை போகும். வீட்டுக்கு என்று விற்கும் சின்ன கன்கள் 10, 15 கிலோவோல்ட் அளவில் நின்றுவிடும். சிறு பாகத்துக்கு அது போதும். காற்றும் அதிகம் தேவையில்லை, டயருக்குக் காற்றடிக்கும் குட்டிக் கம்ப்ரஸரே போதும். ஆனால் காற்றில் ஒரு சொட்டு ஈரம் வந்தால் பொடி கட்டி கட்டியாகத் துப்பும். ஆடி மாதத்துச் சாரல் காற்றில் இதைச் செய்து பாருங்கள், ஈர வடிகட்டி ஏன் வேண்டும் என்று தெரியும்.

நண்பரின் கன்னைக் கடன் வாங்கி, பேட்டரியைப் பிடிக்கும் ஒரு பிராக்கெட்டில் பழகிப் பார்த்தேன். எல் வடிவம், இரண்டு பக்கமும் மடிப்பு. வெளிப்பக்கம் வெல்வெட் மாதிரி ஒரே சீராக ஒட்டியது. உள்மூலையில் ஒரு கோடு மட்டும் வெறும் இரும்பாகவே நின்றது. மின்புலம் மூலைக்குள் நுழையாது, பக்கத்துச் சுவர்களிலேயே முடிந்துவிடும். ஃபாரடே கூண்டு என்று பள்ளியில் படித்தது இதைத்தான். விடுவேனா என்று மூலையைப் பார்த்து மேலும் மேலும் அடித்தேன். மூலையில் ஏறவில்லை, இரண்டு பக்கச் சுவரிலும் பொடி தடித்து, சுட்டு எடுத்தபோது ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது. வோல்டேஜைக் குறைத்து, காற்றைக் குறைத்து, மூலையை முதலில் அடித்துவிட்டுத்தான் சமதளத்துக்கு வர வேண்டும் என்று அப்புறம் தெரிந்தது. இல்லையென்றால் பாகத்தை முதலிலேயே சூடேற்றி, சூட்டோடு பொடி அடித்தால் பட்ட இடத்திலேயே உருகிப் பிடித்துக்கொள்ளும்.

சூடான பாகத்தில் பொடி பிடிப்பதுதான் இந்தத் தொழிலின் ஆதி வடிவமே. 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பவர், அடியிலிருந்து காற்று விட்டுத் தண்ணீர் போலத் ததும்பும் பொடிக்குள் சூடான பாகத்தை முக்கி எடுத்தார். மின்னூட்டக் கன் 1960-களில்தான் வந்தது. சின்னச் சின்னக் கொக்கி, கைப்பிடி என்றால் கன் இல்லாமல் இந்த முக்கும் முறையிலேயே வீட்டில் முடிக்கலாம். பூச்சு தடிமனாக இருக்கும், அழகு கொஞ்சம் குறையும்.

பொடி வாங்கும்போது ஒரு கவனம். எபாக்சி பவுடர் உலோகத்தைப் பிடிப்பதிலும் ரசாயனத்தைத் தாங்குவதிலும் கெட்டி, ஆனால் வெயில் பட்டால் சுண்ணாம்பு பூத்து வெளுத்துவிடும். ரிம் மாதிரி வெயில் படும் பாகத்துக்கு பாலியெஸ்டர். இரண்டும் கலந்த ஹைப்ரிட் வீட்டுக்குள் இருக்கும் பீரோ, கட்டிலுக்கானது. விலை குறைவு என்று பட்டறைகளில் அதுதான் அதிகம் புழங்கும். "வெளியில போற பொருளுங்க, பியூர் பாலியெஸ்டர்தானுங்களா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

எவ்வளவு பொடி வேண்டும்? 1000-ஐப் பொடியின் அடர்த்தியால் வகுத்து, அதை மைக்ரான் தடிமனாலும் வகுத்தால், ஒரு கிலோவுக்கு எத்தனை சதுர மீட்டர் என்று வரும். அடர்த்தி 1.5, தடிமன் 60 மைக்ரான் என்றால் 11 சதுர மீட்டர். கீழே கொட்டுவதில் பாதி போனாலும் ஐந்தரை. ஐந்து ரிம்களின் இரண்டு பக்கமும் சேர்ந்தால் இரண்டு சதுர மீட்டரைச் சுற்றித்தான் வருகிறது. ஆக அரை கிலோவுக்குள் வேலை முடிந்துவிடும். பொடியின் விலை இந்தக் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை.

கன், ஓடிஜி, ஈர வடிகட்டி, சூடு தாங்கும் டேப், சிலிகான் அடைப்பான்கள், நல்ல மாஸ்க் எல்லாம் வாங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டதில் 27,000 ரூபாய் வந்தது, கம்ப்ரஸர் தவிர. விசாரித்த பட்டறைகளில் ரிம் ஒன்றுக்கு 450 முதல் 900 வரை சொன்னார்கள். 900 சொன்னவர் பிளாஸ்டிங்கும் (மணல் மாதிரித் துகளை வேகமாக அடித்துத் துரு எடுப்பது) சேர்த்துச் சொன்னார். ஐந்து ரிம்முக்கு 4,500. கருவி விலையில் ஆறு கார்களுக்கு ரிம் பூசலாம். என்னிடம் இருப்பது ஒரு கார்.

காசு மிச்சமாகும் என்று நினைத்து வீட்டில் தொடங்க வேண்டாம். ஆசைக்காக என்றால் தாராளமாகச் செய்யலாம், அதில் தப்பில்லை. ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பொடி விஷயத்தில் பயப்பட வேண்டிய இடமும் உண்டு. காற்றில் மிதக்கும் நுண்பொடி, கோதுமை மாவு ஆலைத் தூசி மாதிரியே, பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். சூடான ஓவன் கம்பி இருக்கும் அதே அறையில் பொடி அடிக்கக் கூடாது. சிலிண்டர் அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பவர்களைப் பட்டறையிலேயே பார்த்திருக்கிறேன். அது போதாது, நுண்தூசி வடிகட்டும் மாஸ்க் வேண்டும்.

அடியில் என்ன இருக்கிறது

பூச்சு நிற்பதும் நிற்காததும் பூசும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. இது கேட்டுச் சலித்த பேச்சுதான், ஆனால் பவுடரில் ஒரு தனிக் கொடுமை உண்டு. சாதாரணப் பெயிண்ட் துருவின் மேல் போட்டால் சீக்கிரம் பொரிந்து உண்மையைச் சொல்லிவிடும். பவுடர் தடித்த தோல், 60 முதல் 80 மைக்ரான். அடியில் துரு ஊர்ந்துகொண்டே இருக்கும், மேலே பளபளப்பு குறையாது. ஒரு நாள் நகத்தால் நெம்பினால் தகடு தகடாக உரிந்து வரும், உள்ளே செம்மண் நிறம்.

துரு எடுக்கப் பட்டறைகளில் இரண்டு பாணி. ஒன்று அமிலத் தொட்டி. "செவன் டேங்க்" என்பார்கள். எண்ணெய் நீக்கம், அமிலத்தில் துரு நீக்கம், பூச்சு பிடிக்க பாஸ்பேட் படலம், அதை நிலைக்க வைக்கும் பேஸிவேஷன், இடையிடையே தண்ணீர்க் கழுவல். புதுத் தகட்டுக்கு இது அருமை. பழைய ரிம்முக்கு எனக்கு உடன்பாடில்லை. இரும்பு ரிம்மில் நடுத்தட்டும் வளையமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெல்டிங் ஆகியிருக்கும். அந்த இடுக்கில் அமிலம் புகுந்துகொண்டால் கழுவினாலும் வராது. ஓவன் சூட்டில் கொதித்து வெளியே வந்து, சரியாக அந்த ஓரத்தில் கொப்புளம் போடும்.

பழைய பாகத்துக்கு பிளாஸ்டிங்தான். ஆற்று மணலால் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலை அரித்துவிடும், அடிப்பவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும். கார்னெட்டோ அலுமினியம் ஆக்ஸைடோ போடும் இடமாகப் பாருங்கள். கார்னெட் நம் தென்கோடிக் கடற்கரை மணலிலேயே இருக்கும் கனிமம்தான். பிளாஸ்டிங் முடிந்த இரும்பு வெளிர் சாம்பல் நிறத்தில், தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். அதை வெறுங்கையால் தொடக் கூடாது. தொட்டால் மறுநாள் காலையில் விரல் ரேகை துருவாக எழுந்து நிற்கும். என்னுடைய கட்டைவிரல் ஒரு ரிம்மில் இன்னும் இருக்கிறது, பூச்சுக்கு அடியில். ஆதார் எடுக்க அந்த ரிம்மையே கொண்டுபோகலாம்.

பட்டி போட முடியாது என்பது பவுடரின் இன்னொரு கட்டுப்பாடு. ரிம் விளிம்பில் துரு தின்ற குழிகளை டிங்கரிங் கடையில் போடும் பட்டியால் அடைத்தால் 200 டிகிரியில் அது வெடித்துப் பொருமும். சூடு தாங்கும் உலோகத்தூள் கலந்த எபாக்சி பட்டி தனியாக உண்டு, ஆனால் எல்லாப் பட்டறையும் அதைத் தொடாது. குழி விழுந்த பாகம் பவுடரில் குழியோடுதான் வரும், அதுவும் பளபளப்பில் நன்றாகவே தெரியும். குழி கண்ணை உறுத்தும் என்றால் 2கே பெயிண்ட் பக்கம் போவதே புத்திசாலித்தனம். மேட் அல்லது சொரசொர டெக்ஸ்சர் பவுடர் போட்டு மறைப்பது இன்னொரு தந்திரம்.

வார்ப்பு அலுமினியத்தில் வேறு பிரச்சினை. உள்ளே நுண்துளைகளில் எண்ணெயும் காற்றும் ஒளிந்திருக்கும், சுடும்போது பூச்சைத் துளைத்துக்கொண்டு வரும். மேலே சொன்ன நண்பர் தன் புல்லட்டின் இஞ்சின் கவரை இப்படிச் சுட்டு, அம்மை போட்ட மாதிரி எடுத்தார். முதலில் வெறும் கவரைச் சுடும் சூட்டுக்கும் கொஞ்சம் மேலே ஏற்றி அரை மணி நேரம் வைத்து, வெளியே வந்த எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பூசியிருந்தால் தப்பித்திருக்கும். அலாய் வீல் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அலாய்க்கு வலுவே வெப்பப் பதத்தில்தான் இருக்கிறது. 200 டிகிரியில் திரும்பத் திரும்ப, நேரம் நேரமாகச் சுடுவது அந்தப் பதத்தைக் குலைக்கும். நிறம் பிடிக்கவில்லை என்று மூன்று தடவை சுடும் விளையாட்டு அலாய் வீலில் வேண்டாம்.

ஓவனுக்கு அருகிலேயே வரக் கூடாதவை: ரப்பர் புஷ், பால் ஜாயிண்ட், பிரேக் கேலிப்பரின் சீல், பேரிங். எல்லாவற்றையும் பிரித்து எடுத்த பிறகுதான். ஈயம் வைத்துப் பற்றவைத்த பழைய டேங்க்கோ ரேடியேட்டரோ என்றால் பற்று 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். எக்ஸாஸ்ட் பைப்புக்குச் சாதாரணப் பவுடர் கிடையாது.

பட்டறையில் நடந்தது

இரண்டு வருடம் முன்பு, இதே வண்டியின் இரண்டு முன் ரிம்களை ஒரு பட்டறையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம், மோசமான ஆட்களில்லை. பம்ப் மோட்டார் பாடி செய்பவர்கள், கார் ரிம் அவர்களுக்கு எப்போதோ வருவது. பூச்சு கண்ணாடி மாதிரி வந்தது. மாட்டி, ஊட்டி வரை போய்விட்டு வந்தேன். இறங்கும்போது பர்லியாறு தாண்டியதும் ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம். அலைன்மென்ட் என்று நினைத்து வீடு வந்தேன். மறுநாள் வீல் ஸ்பேனரை நட்டில் போட்டால், சின்னப் பையன் திருகுகிற மாதிரி கால் சுற்று சுலபமாகச் சுற்றியது. எட்டில் ஐந்து நட் அப்படி.

காரணம் எளிது. நட் உட்காரும் கூம்பு வடிவக் குழிக்குள்ளும் பவுடர் பூசிவிட்டார்கள். ரிம்மின் பின்பக்கம் வண்டியோடு ஒட்டும் தட்டையிலும் பூச்சு. இறுக்கியபோது நட் பிடித்தது இரும்பையல்ல, பிளாஸ்டிக் தோலை. ஓட்டத்தில் சூடேறி, அழுத்தத்தில் தோல் நசுங்கி ஒதுங்கியது, இறுக்கம் போய்விட்டது. திரும்பப் போய்ச் சொன்னபோது போர்மேன், "அண்ணா, பத்து இருபது மைக்ரான்ல என்னங்க ஆயிரப் போகுது?" என்றார். நட் குழியைச் சுரண்டிக் காட்டிய பிறகு ஒன்றும் பேசவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

அவர்மேல் முழுப் பழியும் போட மாட்டேன். எங்கே பூசக் கூடாது என்று சொல்லாமல் கொடுத்தது நான். மோட்டார் பாடியில் மறைக்க வேண்டியது பேரிங் குழி, அதை அவர்கள் கச்சிதமாக மறைப்பார்கள். கார் ரிம்மில் எது முக்கியம் என்று காரை மாட்டி ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் இந்தத் தடவை மூன்றாவது வழி பிடித்தது. டயரைக் கழற்றி, வால்வை எடுத்து, டீசல் போட்டு கிரீஸ் கழுவி, பிளாஸ்டிங்குக்கு நானே கொண்டுபோய், கையுறையோடு எடுத்து வந்து, அன்று மாலையே மறைப்பு வேலை. நட் குழிக்குக் கூம்பு சிலிகான் அடைப்பான். பின் தட்டைக்கும் நடு ஓட்டைக்கும் பச்சை நிறப் பாலியெஸ்டர் டேப், அது 200 டிகிரி தாங்கும். சாதாரண மாஸ்கிங் டேப் போட்டால் சுருண்டு கருகி ஒட்டிக்கொள்ளும். கடைசி நேரத்தில் ஓட்டைக்கு ஓட்டை வழுக்காமல் பொருந்தும் அடைப்பான் தேடுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிங்குக்கும் பூச்சுக்கும் நடுவே ஓரிரவுக்கு மேல் விடக் கூடாது என்பதால், பட்டறையில் எந்த நாள் கறுப்பு அல்லது வெள்ளி ஓடுகிறது என்று முன்கூட்டியே கேட்டு வைத்தேன். ஒருவருக்காக நிறம் மாற்ற மாட்டார்கள், கன்னையும் பொடி அடிக்கும் பூத்தையும் முழுக்கக் கழுவ வேண்டும். மாருதியின் பழைய வெள்ளி ரிம்முக்குக் கிட்டத்தட்ட வரும், ரால் நிற அட்டவணையின் 9006 ஓடுகிற நாளில் ரிம்களை நுழைத்துவிட்டேன். பெயிண்ட் கடையில் சொட்டு சொட்டாகக் கலந்து நிறம் பிடிக்கிற மாதிரி பவுடரில் கலந்து பிடிக்க முடியாது, அட்டவணையில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

விலை ரிம்முக்கு 500, பிளாஸ்டிங் தனியாக 250. மொத்தமாகக் கொடுப்பதைவிட ரிம்முக்கு 150 மிச்சம். அந்த 150-க்கு நான் செலவழித்த நேரத்தைக் கணக்குப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள். நான் வாங்கியது நட் குழியின் நிம்மதி.

பவுடர் வேண்டாத இடம்

லோயர் ஆர்முக்கும் இதையே செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். புஷ் பிரஸ் பண்ணி எடுத்தாயிற்று, பிளாஸ்டிங் ஆயிற்று. ஆர்மின் ஓரத்தைத் தடவிப் பார்த்தபோது மனம் மாறியது. அச்சில் அழுத்தி எடுத்த தகடு, ஓரம் கத்தி மாதிரி. பவுடர் உருகும்போது கூர்மையான விளிம்பிலிருந்து விலகி ஓடும், அங்கே பூச்சு மெலிந்துவிடும். அரத்தால் ஓரத்தை மழுக்கினால் ஓரளவு சரியாகும். ஆனால் அந்த ஆர்ம் இருப்பது டயருக்குப் பின்னால், எங்கள் தெருவின் ஜல்லி தினமும் அடிக்கும் இடத்தில். ஒரு கல் பவுடரைப் பிளந்துவிட்டால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து தோலுக்கு அடியில் பரவும். அதன்மேல் தொட்டுப் பூச நினைத்தாலும் வழவழப்பான பவுடரில் சாதாரணப் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது, சுற்றிலும் உப்புத்தாள் போட வேண்டும். முழுதாக உரித்து எடுக்க நினைத்தால் அதைவிடக் கஷ்டம். தின்னருக்கு மசியாது, மறுபடி பிளாஸ்டிங்தான்.

இந்த இடத்தில் 2கே பெயிண்ட் ஜெயிக்கிறது. எபாக்சி பிரைமர் இரண்டு கோட், மேலே பியூ கறுப்பு. பவுடர் அளவுக்குத் தடிமன் வராது, கல் பட்டால் இன்னும் சீக்கிரமே தெறிக்கும். ஆனால் தெறித்த இடம் கண்ணுக்குத் தெரியும். காருக்கு அடியில் படுத்து, அரை மணி நேரத்தில் தேய்த்துத் தொட்டுப் பூசிவிட்டு எழுந்து வரலாம். ஓவன் தேவையில்லை, நம்மூர் வெயிலில் ஒரு வாரத்தில் முழுதாக இறுகிவிடும். புஷ்ஷை எடுக்காமல்கூட மறைத்துவிட்டு அடிக்கலாம். கரண்ட் போனால் கவலை இல்லை. ஓவனில் பாதியில் கரண்ட் போனால் பவுடர் வீணாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கரண்ட் வந்ததும் மறுபடி ஏற்றி மீதியைச் சுட்டுக்கொள்ளலாம். ஆனால் கரண்ட் வரும்வரை உட்கார்ந்து விசிறிக்கொண்டு இருக்க வேண்டும்.

2கே-யின் ஆபத்து வேறு வகை. அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் வாசனையே தெரியாமல் உள்ளே போய், ஒத்துக்கொள்ளாதவருக்கு வாழ்நாள் ஆஸ்துமாவைக் கொடுக்கும். தூசி மாஸ்க் இதற்கு உதவாது. நாள் முழுக்க அடிக்கிறவர்கள் வெளிக்காற்றுக் குழாய் போட்ட முகமூடியோடு நிற்க வேண்டும். வீட்டில் இரண்டு ஆர்முக்கு என்றால், நான் திறந்த மொட்டை மாடியில், ஆவி வடிகட்டும் புதுக் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டு, காற்று எனக்குப் பின்னாலிருந்து வரும்படி நின்று, கன்னால் அடிக்காமல் பிரஷ்ஷாலேயே பூசினேன். லோயர் ஆர்மில் பிரஷ் கோடு தெரிகிறது என்று யாரும் படுத்துப் பார்க்கப் போவதில்லை. ஸ்பிரிங்குக்கும் அதே வைத்தியம்.

ஸ்பிரே டப்பாவை இவ்வளவு நேரம் பேசாமல் விட்டதற்குக் காரணம், அதில் பேச அதிகமில்லை. 300 ரூபாய், பத்து நிமிடம், ஒரு மழைக்காலம். சில பாகத்துக்கு அது போதும்.

கடைசியில் என் போர்டிகோவில் பிரிந்தது இப்படி: ஓடும் நான்கு ரிம்களும் நான் சுத்தம் செய்து மறைத்து, பட்டறையில் பாலியெஸ்டர் பவுடர். ஆர்ம், ஸ்பிரிங், அடிப்பக்க பிராக்கெட்டுகள் எல்லாம் எபாக்சி பிரைமரும் பியூவும். பேட்டரி ட்ரே ஓட்டையைப் பற்றவைத்து எபாக்சி பவுடர்; பானட்டுக்குள் வெயில் படாது, ஆசிட் சொட்டினாலும் சாதாரணப் பெயிண்டைவிடத் தாங்கும். அது மட்டும் நண்பரின் பீரோ ஓவனில் நானே அடித்துச் சுட்டது. முதல் தடவை மூலை வெறுமையாக வந்தது, இரண்டாவது தடவை பரவாயில்லை. ஓடிஜி வாங்கவில்லை. கன் ஆசை இன்னும் போகவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். தம்பி மகனின் சைக்கிளுக்கு ஹாண்டில் பிராக்கெட், செயின் கவர் என்று சின்னச் சின்னதாகச் செய்பவராக இருந்தால் வீட்டுக் கன் உண்மையிலேயே பொருத்தம், ஓவனுக்குள் அடங்கும் வேலை அது.

மாட்டிய ரிம்களை 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்களை மறுபடி பார்த்தேன். பதினாறில் ஒன்றுகூட அசையவில்லை. ஸ்டெப்னி ரிம்மை மட்டும் பட்டறைக்கு அனுப்பவில்லை. வயர் பிரஷ் போட்டு, 300 ரூபாய் டப்பாவால் அடித்து, அடித்த தேதியை மார்க்கரால் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஐப்பசி மழை முடிந்ததும் எடுத்து, மற்ற நான்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.